கண்ணி எண்ணியவள் பெயர் எங்கே?

தையல் எந்திரம் வழங்கும் விழாக்கள் நம் ஊர்களில் பெருகிவிட்டன. பள்ளிவாசல் முற்றத்திலோ கல்யாண மண்டபத்திலோ பந்தலிட்டு, பத்துப் பன்னிரண்டு எந்திரங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் முன்னே விதவைப் பெண்களையும் ஏழைக் குமரிகளையும் அமர வைத்து, கிராஅத் ஓதி, வரவேற்புரை நிகழ்த்தி, நன்கொடையாளரின் பெயரை நான்கு தடவை சொல்லி, நிழற்படம் எடுத்து, பிரியாணிப் பொட்டலத்துடன் அனுப்பி வைக்கிறோம். அண்மையில் தக்கலைக்கு அருகில் நடந்த அத்தகைய விழா ஒன்றில், "இனி இந்தப் பெண்கள் எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை" என்று பெரியவர் ஒருவர் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

தட்டி முடித்த பிறகுதான் ஐயம் பிறந்தது. எந்திரத்தை வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண் நாளைக் காலையில் என்ன தைப்பாள்? கடைக்காரர் வெட்டிக் கொடுத்த துணியை, கடைக்காரர் சொன்ன அளவில், கடைக்காரர் வைத்த கூலிக்குத் தைப்பாள். மிதிக்கிற கால் அவளுடையது. ஓடுகிற சக்கரம் கடைக்காரருடையது. நாஞ்சில் நாட்டுப் பெண்களின் கையில் ஊசி ஏறி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஊசி கொடுத்தவர்கள் உண்டு, நூல் கொடுத்தவர்கள் உண்டு, அரைவயிற்றுக் கூலி கொடுத்தவர்களும் உண்டு. எதைப் பின்னுவது என்று தீர்மானிக்கும் உரிமையை, அதாவது மாதிரியின் உரிமையை, அவர்களுக்குக் கொடுத்தவர் யார்? இதைத்தான் இக்கட்டுரையில் வினவ வந்தேன்.

ஏட்டுப் படிப்பை வைத்துக்கொண்டு இதைக் கேட்கவில்லை. என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்லுகிறேன்.

என் மூத்த ராத்தா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். பருவமெய்தியதும் வீட்டுக்குள் இருத்திவிட்டார்கள். அக்காலத்தில் எங்கள் தெருக் குமரிகள் எல்லோருக்கும் நேர்ந்ததுதான். பெரியும்மா ஒருவர் குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் மேசை விரிப்புப் பின்னினார்; பின்னர் வாப்பாவுக்குத் தொழுகைத் தொப்பி பின்னினார். தொப்பியின் உச்சியில் எட்டு முனை நட்சத்திரம். அங்கிருந்து விளிம்பு நோக்கி இறங்கும் மிஹ்ராபு வளைவுகள். எதையும் பார்த்துச் செய்ததில்லை. என் பழைய கணக்கு நோட்டின் கட்டத் தாளில் புள்ளியும் குறுக்குக் கோடுமாகத் தாமே எழுதி, அழித்து, மறுபடி எழுதிக் கண்டுபிடித்தது. எந்தச் சுற்றில் எத்தனை கண்ணி, எங்கே கூட்டுவது, எங்கே விடுவது என்ற கணக்கெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருந்தது. ஏழாம் சுற்றில் மட்டும் எண்ணிக்கை பிசகி, ஒரு வளைவுக்குச் சங்கிலிக் கண்ணி ஒன்று கூடிப்போயிருந்தது. அந்த வளைவு மட்டும் சற்றே சாய்ந்து நிற்கும். தாளில் அதைத் திருத்த ராத்தாவுக்கு ஏனோ மனம் வரவில்லை; அப்படியே விட்டுவிட்டார்.

தொப்பி வியாபாரி ஒருவர் வந்தார். மாதிரிக்கென்று ஐந்து தொப்பிகளை எடுத்தார். கூடவே, "அந்தத் தாளையும் தாருங்கள், மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா, "தாள் வேண்டாம் தம்பி, பிள்ளைகள் இங்கே வந்தால் நான் சொல்லித் தருகிறேன் என்று சொல்லு" என்றார். "ஒரு தாளுக்கு இத்தனை பேச்சா?" என்று நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தவன் நான். ஐந்து தொப்பிகளுக்குக் கூலி வந்தது. ஆறாவது தொப்பி கேட்டு ஆள் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பிழைப்புக்காக வளைகுடா சென்றிருந்தபோது, ஷார்ஜாவில் ஒரு கடை வாசலில் எந்திரத்தில் பின்னிய தொப்பிகள் குவிந்து கிடக்கக் கண்டேன். ஒன்றை எடுத்துப் புரட்டினேன். எட்டு முனை நட்சத்திரம். மிஹ்ராபு வளைவுகள். ஏழாம் சுற்றில் ஒரு வளைவு சாய்ந்து நின்றது.

களவாடியவர்கள் பிழையையும் சேர்த்தே களவாடியிருந்தார்கள். வியாபாரியை எத்தனையோ இரவுகள் சபித்திருக்கிறேன். ஆனால் தாளைக் கிழித்த கை என்னுடையதாயிற்றே.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். இந்தக் கலை பிறந்த நாள்தொட்டு இதுவே நடந்துவருகிறது. இரண்டு ஊசி கொண்டு கண்ணி கோத்துப் பின்னும் கலையின் பழஞ்சான்றுகள் எங்கே கிடைத்தன என்று நம் இளைஞரைக் கேட்டால், கம்பளிச் சட்டை அணியும் ஐரோப்பாவைக் கைகாட்டுவார்கள். இன்று அறியப்படும் மிகப் பழைய சான்றுகளுள் முன்னிற்பவை இஸ்லாமிய எகிப்தின் பருத்திக் காலுறைகள். ஏறத்தாழ 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையானவை. வெள்ளை நூலும் நீல நூலும் மாறி மாறி வர, கூஃபி எழுத்தை ஒத்த கோலங்கள் அவற்றில் ஓடுகின்றன. ஸ்பெயின் நாட்டு அரசகுமாரர் பெர்னாண்டோ தெ லா செர்தா 1275ல் இறந்தார். புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடத்தில் உள்ள அவருடைய கல்லறையில் பட்டு நூலால் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. ஓர் அங்குலத்துக்குச் சுமார் இருபது கண்ணிகள்! கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினாலும் நமக்குத் தலைசுற்றும். முஸ்லிம் கைவினைஞரின் வேலை அது. விளிம்பில் 'பரக்கத்' என்ற அறபுச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கிறித்தவ இளவரசரின் தலைமாட்டில் பரக்கத் வேண்டி எழுதி வைத்த அந்தக் கைக்கு உரியவர் யார்? ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை. இளவரசரின் பெயர் நிலைத்தது. இறைவனை நினைவூட்டும் சொல் நிலைத்தது. பின்னியவர் பெயர் மண்ணோடு போயிற்று.

அவ்வளவு தொலைவு போவானேன்? திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை இருக்கிறது. கோரையை முடியினும் மெல்லியதாகக் கீறிப் பாய் நெய்பவர்களில் நம் சமுதாயப் பெண்கள் ஏராளம். கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயர்களை நெய்து கொடுப்பது அவ்வூரின் பெருமை. நெய்தவளின் பெயர் எந்தப் பாயின் ஓரத்திலாவது உண்டா? பிறர் பெயரை எழுத்துப் பிசகாமல் நெய்யத் தெரிந்தவளுக்குத் தன் பெயரை நெய்யத் தெரியாதா என்ன!

இனி நாகர்கோவிலுக்கு வருவோம். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலம். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் துணைவியார் மார்த்தா மால்ட், 1821 வாக்கில் அங்குள்ள விடுதிப் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் நெய்யூரில் பூத்தையலும், முளகுமூட்டில் கத்தோலிக்கக் கன்னியர் வளர்த்த லேஸ் வேலையும் பெயர்பெற்றன. லேஸ் விற்ற பணத்தால் அடிமைத் தளையிலிருந்து மீண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அந்தப் பணியைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை. அவர்கள் பெண்ணின் கையில் காசு வைத்தார்கள். நாம் அதே காலத்தில் நம் பெண்களுக்கு எழுத்துக்கூடக் கற்பிக்கவில்லை.

ஆனால் அந்த லேஸ் எப்படிப் பின்னப்பட்டது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கெட்டியான தலையணை ஒன்றின் மேல் புள்ளி குத்திய தாளைப் பரப்புவார்கள். பழங்காலத்தில் அது பதப்படுத்திய தோலாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசி செருகி, நூல் சுற்றிய சிறு மரக் குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு, ஊசிகளுக்கு இடையே நூலை ஓட்டிப் பின்னுவார்கள். கை எவ்வளவு தேர்ந்ததாயினும் புள்ளி போகும் வழியே நூல் போகும். ஆகவே புள்ளித் தாள் எவரிடமோ அவரே லேஸின் உடையவர். நாகர்கோவிலில் அந்தத் தாள் நிறுவனத்தின் பெட்டியில் இருந்தது; அதன் கோலங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பின்னிய பெண்ணுக்குத் தலையணையும் குச்சியும் கூலியும்தான். கடல் கடந்து சீமாட்டிகளின் கழுத்திலும் கையிலும் ஏறிய அந்த லேஸோடு பின்னியவளின் பெயர் எதுவும் கப்பலேறவில்லை.

அதே காலத்தில் லண்டனில் எலனோர் ரீகோ தெ லா பிராஞ்சார்டியேர் என்றொரு பெண்மணி இருந்தார். இவரும் பின்னுபவரே. ஆனால் பின்னிய பொருளை விற்று வாழ நினைக்கவில்லை. பின்னும் முறையை எழுதி விற்றார். 1840களில் தொடங்கிப் பல பத்துச் சிறு புத்தகங்களைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். 1851ல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருடைய குரோஷா வேலை பரிசு பெற்றது. ஐரிஷ் குரோஷா என்னும் பின்னல் முறையைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. நாகர்கோவில் பெண்ணின் விரலுக்கும் இவருடைய விரலுக்கும் திறமையில் எந்த ஏற்றத்தாழ்வும் இல்லை. ஒருத்தி தாளை எழுதினாள். மற்றொருத்தி பிறர் தாளைப் பார்த்துப் பின்னினாள். ஒன்றரை நூற்றாண்டுப் பெயருக்கும் பெயரின்மைக்கும் காரணம் அந்த ஒரு தாள்தான்.

தாள் பறிபோனால் என்ன ஆகும் என்பதை ஆந்திரத்து நரசாப்பூர் காட்டுகிறது. அங்கும் மிஷனரிமார் வழியாகவே லேஸ் வந்தது. ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982ல் வெளியிட்ட நூலில் அப்பெண்களின் நிலையை விரிவாக எழுதினார். நாள்தோறும் மணிக்கணக்கில் பின்னிய அவர்கள் தங்களைத் தொழிலாளர் என்றே கருதவில்லை. வீட்டுக்காரிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறவர்கள் என்றே எண்ணினார்கள். கூலி வயல்வேலைக் கூலியினும் மிகக் குறைவு. ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழுத் துணியும் வியாபாரியின் கண்ணுக்கே தெரியும். முழுமையைக் காணவிடாத இந்தத் தந்திரம் இருக்கிறதே, அதுதான் கூலியைக் குறைப்பதைவிடக் கொடியது. நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சி. குறியீடு ஊருக்குக் கிடைக்கும். அந்த ஊரில் பூ பின்னியவள் பூ பின்னியவளாகவே இருப்பாள்.

திருப்பூரையும் சொல்லியாக வேண்டும். பின்னலாடை நகரம் என்று உலகம் புகழும் அந்த ஊரில் முதல் பின்னலாடைத் தொழிற்கூடத்தை, பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில், 1925ல் நிறுவியவர் குலாம் காதர் சாகிபு என்னும் நம்மவர். இதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். இன்றைய ஏற்றுமதிச் சட்டையின் வடிவத்தைத் தீர்மானிப்பது யார்? பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்து வரும் தாள். கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு, நூல் எது, நிறம் எது என்று அளவு பிசகாமல் எழுதி வரும் அந்தத் தாளைப் பார்த்து ஊரே பின்னுகிறது. தக்கலைத் திண்ணையில் நடந்ததற்கும் இதற்கும் எந்திரத்தின் அளவுதான் வித்தியாசம்.

தக்கலை என்றதும் நினைவுக்கு வருபவர் பீர் முகம்மது அப்பா. நெசவு செய்து வாழ்ந்தவர் என்று வழிவழியாகச் சொல்கிறோம். அவர் நெய்த வேட்டியை உடுத்தியவர்கள் போய்விட்டார்கள், வேட்டியும் போய்விட்டது. அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் தக்கலையில் கூடி இரவெல்லாம் பாடுகிறோம். நெய்தது தேய்ந்தது, எழுதியது நின்றது. தறியில் அமர்ந்த ஒருவரே இதற்குச் சான்றாக நம் ஊரில் அடங்கியிருக்கிறார். நாமோ நம் பெண்களை நெய்ய மட்டும் விட்டோம்.

இனி, எழுதுவது என்றால் என்ன? பின்னல் குறிப்பு எழுதுவதைத் தனித் தொழிலாகக் கொண்டு, எந்த ஆலைக்கும் எந்தப் பத்திரிகைக்கும் கட்டுப்படாமல், தம் குறிப்பைத் தாமே விற்று வாழ்பவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். இவ்வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் எலிசபெத் சிம்மர்மன். 1910ல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். அவர் அனுப்பிய சட்டைக் குறிப்பை ஒரு பத்திரிகை தன் விருப்பம்போல் மாற்றி எழுதி அச்சிட்டது. சுற்றிச் சுற்றி வளையமாகப் பின்ன வேண்டியதைத் துண்டு துண்டாகப் பின்னித் தைக்கச் சொல்லிற்று. அம்மையார் சினந்து கடிதம் எழுதிவிட்டு ஓய்ந்து போகவில்லை. 1958ல் தம் குறிப்புகளைத் தாமே அச்சிட்டு அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சொந்தப் பதிப்பகமும் கண்டார். வீட்டிலிருந்தபடியே, அஞ்சல்தலையும் உறையுமாகத் தொடங்கிய வேலை அது. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு உலகம் எட்டாது என்று நம்மில் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். இப்போதோ அஞ்சல்தலையும் தேவையில்லை. 2007ல் தொடங்கிய ராவல்ரி போன்ற இணையச் சந்தைகளில் ஒரு குறிப்பு பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு டாலர் வரை விலைபோகிறது. ஒரு தடவை எழுதியதைப் பத்துப் பேரும் வாங்கலாம், பத்தாயிரம் பேரும் வாங்கலாம். தொப்பியை விற்றால் தொப்பி போய்விடும். குறிப்பை விற்றால் குறிப்பு வீட்டில்தான் இருக்கும்.

எளிய வேலை என்று மயக்க நான் வரவில்லை. என் ராத்தாவின் தொப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வாப்பாவின் தலை தெரியும். ஊரார் தலை தெரியாது. குறிப்பு எழுதுபவர் முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரம் பின்னி, அதில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ண வேண்டும். இருபத்திரண்டு என்று கொள்வோம். ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலைக்கு நூற்று இருபத்தொரு கண்ணி வேண்டும். ஆனால் எட்டு வளைவுகள் சமமாக அமைய வேண்டுமே! ஆகவே நூற்று இருபது; வளைவுக்குப் பதினைந்து. பையனின் ஐம்பது சென்டிமீட்டர் தலைக்கு வளைவுக்குப் பதினான்கு வீதம் நூற்றுப் பன்னிரண்டு. பெரிய தலைக்குப் பதினாறு வீதம் நூற்று இருபத்தெட்டு. இப்படி ஒவ்வோர் அளவுக்கும் எல்லாச் சுற்றையும் கணக்கிட வேண்டும். பிறகு அதை எழுத்திலும் குறியீட்டுக் கட்டத்திலும் தர வேண்டும். சொல்லிலும் கண்ணி வைத்த பொறிகள் உண்டு: அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்லும் அதே கண்ணியை ஆங்கிலேயர் 'டபுள் குரோஷே' என்பார்கள். எந்த வழக்கு என்று தலைப்பிலேயே சொல்லாவிட்டால் வாங்கியவள் தொப்பிக்குப் பதில் கூடை பின்னுவாள். எல்லாம் முடிந்ததும், முன்பின் அறியாத நான்கைந்து பேரிடம் குறிப்பை மட்டும் கொடுத்துப் பின்னச் சொல்ல வேண்டும். வாயால் ஒரு வார்த்தையும் விளக்கக் கூடாது. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே திருத்த வேண்டும். ராத்தாவின் ஏழாம் சுற்றுப் பிசகு அந்தச் சோதனையில் ஒரே மாலையில் வெளிப்பட்டிருக்கும்.

கணக்கும் வரைபடமும் மொழியும் சேர்ந்த கல்வி இது. கடற்கரையில் வலை பின்னும் பெண்ணுக்குக் கண்ணிக் கணக்கு பிறவியிலேயே கைவந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கும் அப்படியே. அதை எழுத்தாக்கும் பயிற்சிதான் இல்லை. தையல் எந்திரத்துக்கு நன்கொடை திரட்டும் அன்பர்களே, இந்தப் பயிற்சிக்கு ஒரு மாலை வகுப்பு வைக்க உங்களைத் தடுத்தது எது? சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எந்திரம் மேடையில் நிறுத்தினால் படத்தில் தெரியும். ஒரு பெண்ணின் தலைக்குள் ஏறிய கணக்கு படத்தில் விழாது.

சட்டமும் அறிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய குறிப்பும் வரைந்த கட்டமும் எழுதியவரின் உடைமை. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை; எழுதிய கணமே உரிமை பிறக்கிறது; ஆயுள் முழுதும், இறந்த பின் அறுபது ஆண்டுகளும் நிற்கிறது. ஆனால் ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், முதலாளியே முதல் உடையவர். சுதந்திரமாக எழுதுவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உரிமையை விற்றுவிட்ட பிறகும், "இது நான் செய்தது" என்று உரிமை கோரும் தகுதி ஆக்கியவரை விட்டு அகலாது. சட்டத்துக்கு எல்லையும் உண்டு. தாளைத்தான் அது முழுமையாகக் காக்கும். வடிவத்தை எந்திரத்தில் ஏற்றி ஐம்பதுக்கு மேல் செய்து குவித்தால் பதிப்புரிமை துணைக்கு வராது. வடிவமைப்புச் சட்டம் 2000ன் கீழ் முன்கூட்டியே பதிந்து வைத்திருக்க வேண்டும். அதுவும் பத்து ஆண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டு. கண்ணி போடும் முறை எவருக்கும் தனியுடைமை ஆகாது, ஆகவும் கூடாது. பெரியும்மா சொல்லிக்கொடுத்ததற்கு வாடகை கேட்டாரா?

எதிர்வாதங்களும் என் காதில் விழாமலில்லை. ஆங்கிலம் தெரியாதே என்கிறார்கள். ஜப்பானியப் பின்னல் புத்தகங்களை ஜப்பானிய மொழி ஓர் எழுத்தும் அறியாதவர்கள் உலகெங்கும் வாங்கிப் பின்னுகிறார்கள்; கட்டமும் குறியீடும் பேசுகின்றன. இதில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எழுதுபவர் எல்லோரும் இதையே நம்பி வாழ்ந்துவிட முடிவதில்லை. பலருக்கு இது துணை வருவாய். வகுப்பு நடத்தியும் நூல் விற்றும் ஈடுகட்டுகிறார்கள். ஆனால் கூலித் தையலில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எந்திரம் வழங்கிய விழாக் குழுவினர் எப்போதாவது திரும்பிப் போய்க் கேட்டதுண்டா?

மூன்றாவது வாதந்தான் என்னைச் சினங்கொள்ள வைக்கிறது. பெண்ணின் பெயர் ஊருக்குத் தெரிவது அடக்கத்துக்கு இழுக்காம். சொல்லுபவர்கள் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள்? ஒரு ஹதீஸ் எவர் வாயிலாக எவருக்கு வந்தது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லாமல் அதை ஏற்காத சமுதாயம் இது. அந்தப் பெயர்வரிசையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இல்லையா? 11ஆம் நூற்றாண்டில் புனித மக்காவில் அமர்ந்து சஹீஹுல் புகாரியை ஆண் அறிஞர்களுக்குப் பாடம் சொன்ன கரீமா அல்மர்வஸிய்யாவின் பெயரை எந்த ஆலிம் மறைத்தார்? அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, அந்த வருவாயைத் தருமம் செய்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தரசி அவர்கள். அந்தக் கைத்தொழிலை வரலாறு பெயரோடுதான் பதிந்தது. பெண் ஈட்டியது பெண்ணுக்கே என்று சொத்துரிமை வகுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, அவள் வங்கிக் கணக்கையும் கணவன் பெயரிலோ மகன் பெயரிலோ திறக்கிறோம். அறிவுக்குப் பெயர்வரிசை வேண்டும், ஆனால் அவள் கண்டுபிடித்த கண்ணிக்கு வேண்டாமா?

ராத்தாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அவருடைய மகள் பட்டம் படித்தவள். கைபேசியில் வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துப் பின்னிக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் ஷார்ஜாக் கதையைச் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது. வாப்பாவின் பழைய தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து, குண்டூசி குத்திக் கண்ணி கண்ணியாக எண்ணி, மறுபடி கட்டத்தாளில் ஏற்றினாள். பல வாரங்கள் பிடித்தன. சுற்றுக்குச் சுற்று உம்மாவிடம் கேட்டாள். உம்மா விரலால் தடவிப் பார்த்தே பதில் சொன்னார்.

மூன்று அளவுக்கும் கணக்குப் போட்டு முடித்து, கோழிக்கோட்டிலும் கொழும்பிலும் உள்ள தோழியரிடம் பின்னிப் பார்க்கக் கொடுத்தாள். இருவரும் ஏழாம் சுற்றில் நின்று எழுதிக் கேட்டார்கள். "மாமா, இதைத் திருத்திவிடட்டுமா?" என்றாள் என்னிடம். நான் தலையசைக்கும் முன்பே உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"திருத்தினால் யாருக்குத் தெரியும், அது நான் செய்ததென்று? அப்படியே போடு. கீழே ஒரு வரி எழுது, ஒரு வளைவு சாய்ந்துதான் இருக்கும் என்று."

எழுதினாள். குறிப்பின் தலைப்பில் பெயருக்கென்று விட்ட இடம் இன்னும் காலியாக இருந்தது. வாப்பா பெயரையும் சேர்த்து எழுதவா என்று மகள் கேட்டாள். ராத்தா பேனாவை வாங்கி, அந்த இடம் எங்கே என்று கேட்டு, மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் தம் பெயரை மட்டும் எழுதினார்.